மேனேஜ்மென்ட் பாடத்தில் வரும் டெய்லர் உண்மையிலேயே டென்னிஸ் சாம்பியனா?

ஆமாம், அதே டெய்லர்தான். பி.காம், எம்பிஏ, மெக்கானிக்கல் என்று எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு பேப்பரில் ஐந்து மார்க் கேள்வியாக வந்து நிற்பாரே, அந்த ஃபிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர். ஆனால் "யுஎஸ் ஓப்பன் சாம்பியன்" என்று மொட்டையாகச் சொல்வது சரியில்லை. அவர் ஜெயித்தது ஒற்றையர் பட்டம் அல்ல. 1881-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் கேசினோ கிளப்பின் புல்தரையில் நடந்த முதல் அமெரிக்க தேசியப் போட்டியில் ஆண்கள் இரட்டையர் பட்டம். அந்தப் போட்டிதான் பிற்காலத்தில் யுஎஸ் ஓப்பன் ஆனது.

ஜோடி ஆடியவர் கிளாரன்ஸ் கிளார்க். இருவருமே பிலடெல்பியாக்காரர்கள். டெய்லரின் சகோதரியை மணந்தவர் இந்த கிளார்க். டெய்லர் வேலை பார்த்த மிட்வேல் எஃகு ஆலையில் கிளார்க் குடும்பத்துக்குப் பங்கும் உண்டு. போதாததற்கு, அந்த வருடம் மே மாதம்தான் ஆரம்பித்த அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் முதல் செயலாளரும் கிளார்க்கே. போட்டியை நடத்தும் சங்கத்தின் செயலாளரே கோப்பையைத் தூக்கினால் இன்றைக்குச் சமூக வலைத்தளங்களில் என்ன பாடு படுத்துவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்!

இறுதி ஆட்டத்தில் அலெக்சாண்டர் வான் ரென்சலர், ஆர்தர் நியூபோல்ட் ஜோடியை 6-5, 6-4, 6-5 என்று நேர் செட்களில் முடித்தார்கள். அந்த 6-5 அச்சுப் பிழை இல்லை. 6-6 ஆனால் செட்டைத் தீர்க்க ஆடும் டைபிரேக்கர் வருவதற்கு இன்னும் எத்தனையோ வருடங்கள் இருந்தன, இரண்டு கேம் முன்னிலை வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை, 5-5 ஆனால் அடுத்த கேமை எடுப்பவருக்கு செட், அவ்வளவுதான். பார்க்க நேர் செட் மாதிரி இருந்தாலும் மூன்றில் இரண்டு செட்கள் ஒற்றை கேமில் தீர்ந்தவை. நெட்டும் இப்போது இருப்பது மாதிரி இல்லை, நடுவில் 3 அடிதான், ஆனால் கம்பங்கள் பக்கம் இப்போதைவிட உயரம், 4 அடி. ஓரக்கோட்டை ஒட்டி அடிப்பது பெரும்பாடு, அதனால் பந்து பெரும்பாலும் நடுப்பக்கமாகத்தான் வரும். நெட் பக்கம் ஒருவர் நின்றுவிட்டால் எதிராளிக்குத் தலைவலி.

சரி, இது பெரிய வெற்றியா? என் கணக்கில் பெரிய வெற்றிதான். அந்தக் காலத்தின் ராஜா ரிச்சர்ட் சியர்ஸ். 1881 முதல் 1887 வரை ஒற்றையரில் தொடர்ந்து ஏழு பட்டங்கள், 1882 முதல் 1887 வரை இரட்டையரில் ஆறு (ஐந்து ஜேம்ஸ் டுவைட்டோடு, 1885-இல் மட்டும் கிளாரன்ஸின் தம்பி ஜோசப் கிளார்க்கோடு). அந்த ஏழு வருடங்களில் சியர்ஸ் கைக்குச் சிக்காத ஒரே பட்டம், டெய்லரும் கிளார்க்கும் தட்டிப்போன 1881 இரட்டையர்.

ஆலையில் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச் பிடித்த மூளைதான் டென்னிஸிலும் ஜெயித்தது என்று சிலர் கதை கட்டுவார்கள். எனக்கு அதில் பெரிதாக நம்பிக்கை இல்லை. டெய்லருக்கு எதையும் நோண்டி மாற்றிப் பார்க்கும் குணம் உண்டு, ஸ்பூன் மாதிரி வளைந்த ஒரு ராக்கெட்டைத் தானே வடிவமைத்தார், அதெல்லாம் உண்மை. ஆனால் அப்போது அவருக்கு வயது 25, மிட்வேலில் ஃபோர்மேன், பாடத்தில் வரும் அந்தப் புகழ்பெற்ற 'அறிவியல் மேலாண்மை' (சயின்டிஃபிக் மேனேஜ்மென்ட்) கொள்கையெல்லாம் முழுசாக உருவாகவே இல்லை. டென்னிஸில் தொடர்ந்து மேலே போனவரும் கிளார்க்தான். 1883-இல் தம்பியோடு இங்கிலாந்து போய் அந்த நாட்டு டென்னிஸ் ஜாம்பவான்களான ரென்ஷா சகோதரர்களோடு மோதித் தோற்றார். டெய்லர் பெயர் தேசியப் பட்டப் பட்டியலில் மறுபடி வரவே இல்லை. அப்புறம் அவர் கோல்ஃப் பக்கம் போனார், 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடி நான்காவதாக வந்தார்.