கம்ப்ரசரை மாற்றும் முன், கேஸ் எங்கே போனது என்று பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2008 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது, சிறிய வண்டி. போன வருடம் மட்டும் மூன்று முறை ஏசிக்குக் கேஸ் அடித்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மாதம் நன்றாகக் குளிரும், அப்புறம் வெறும் காற்றுதான். இப்போது கேஸ் அடித்தும் குளிரவில்லை. ஏசி போட்டால் கரகரவென்று சத்தம் வருகிறது. கம்ப்ரசர் போய்விட்டது, புதிது போட 16,000 ரூபாய், சென்னைப் புதுப்பேட்டையில் பழையது 5,000-க்குக் கிடைக்கும் என்கிறார் மெக்கானிக். வண்டியை இன்னும் நான்கு வருடமாவது ஓட்டுவேன். எதைப் போடலாம்? (மதுரை வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது கரகர சத்தம் அல்ல, 'மூன்று முறை கேஸ் அடித்தேன்' என்ற வரிதான். கார் ஏசியில் கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வரும். இரண்டு மூன்று மாதத்தில் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெயும் அந்தக் கேஸோடு கலந்துதான் குழாய்களுக்குள் ஓடுகிறது. கேஸ் ஒழுகும்போது எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். மூன்று முறையும் கேஸை மட்டும் ஏற்றி, எண்ணெயைக் கவனிக்காமல் விட்டிருந்தால், கம்ப்ரசர் வறண்டு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஓட்டையை அடைக்காமல் போடுகிற புது கம்ப்ரசருக்கும் இதே கதிதான்.

முதலில் கம்ப்ரசர் உண்மையிலேயே போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏசியை அணைத்த பிறகும் சத்தம் தொடர்ந்தால், அது கம்ப்ரசரின் முன்னால் இருக்கும் புல்லி பேரிங்காக இருக்கலாம். அதைத் தனியாக மாற்றலாம், செலவும் குறைவு. ஏசி போட்டதும், கம்ப்ரசரை புல்லியோடு இணைக்கும் கிளட்ச் 'டக்' என்று ஒட்டும் சத்தமே கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச், கிளட்ச் காயில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கேஸ் மிகவும் குறைந்திருந்தாலும் பிரஷர் ஸ்விட்ச் கிளட்சை ஒட்ட விடாது. உங்கள் வண்டியில் ஏசி போட்டால்தான் சத்தம் என்கிறீர்கள். அதனால் கோளாறு கம்ப்ரசருக்குள்ளேயோ கிளட்சிலோ இருக்கலாம்.

உறுதியாகச் சொல்லக்கூடியது கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ்தான். என்ஜினை 1,500 ஆர்பிஎம் அளவில் வைத்து இரண்டு பக்கமும் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். 35 டிகிரி வெயிலில், நல்ல நிலையில் உள்ள, ஆர்134ஏ என்ற கேஸ் ஓடும் ஏசியில் லோ பக்கம் (கேஸ் கம்ப்ரசருக்குள் வரும் பக்கம்) ஏறக்குறைய 30 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை பக்கம் (வெளியே போகும் பக்கம்) 200 முதல் 250 பிஎஸ்ஐ காட்டும். கிளட்ச் வழுக்காமல் சுற்றியும் இரண்டு முள்ளும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் கம்ப்ரசர் கேஸைத் தள்ளவில்லை என்று அர்த்தம். இரண்டுமே தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. என்ஜின் நின்றிருக்கும்போது கேஜ் பார்த்து 'கேஸ் ஃபுல்லா இருக்கு' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே போதும், 30 டிகிரியில் 97 பிஎஸ்ஐ அளவில் முள் நின்றுவிடும். 200 கிராம் இருந்தாலும் 450 கிராம் இருந்தாலும் அதே முள்தான்.

சரி, கம்ப்ரசர் போனது உறுதி என்று வைத்துக்கொள்வோம். அதைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். நீங்கள் பட்டறையில் நேரில் இருக்க வேண்டிய நேரம் இதுதான். எண்ணெய் தெளிவாக இருந்தால் தப்பித்தீர்கள். கறுத்து, வெயிலில் பிடித்தால் வெள்ளித்தூள் மாதிரி மினுங்கினால், கம்ப்ரசரின் உள்ளே அலுமினியம் அரைபட்டிருக்கிறது. அந்தத் தூள் அங்கேயே இருக்காது, கேஸோடு கிளம்பி முதலில், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்குத்தான் போகும்.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் பணத்தை இழக்கிறார்கள். உங்கள் வண்டியின் காலத்து கண்டன்சர்களில் தட்டையான குழாய்களும், அவற்றுக்குள் ஊசி நுழையும் அளவுக்கு நுண்ணிய துளைகளும் இருக்கும். பல துளைகள் பக்கம் பக்கமாக இருப்பதால், உள்ளே கழுவுவதற்கு விடும் ஃபிளஷ் திரவம் அடைப்பு இல்லாத துளை வழியாகப் போய்விடும்; அடைத்த துளை அப்படியே கிடக்கும். அதனால் தூள் தெரிந்தால் கண்டன்சரை மாற்றியே ஆக வேண்டும். கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றுங்கள். குழாய்களையும் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலையும் ஃபிளஷ் செய்து, நைட்ரஜன் விட்டு உலர்த்தலாம். எண்ணெய் தெளிவாகவே இருந்தாலும் டிரையரையும் கழற்றிய இடத்து ஓ-ரிங்குகளையும் (ரப்பர் வளையங்கள்) புதிதாகப் போட வேண்டும். டிரையருக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. காற்றுப் பட்டால் அவை தங்கள் வேலைக்கு லாயக்கில்லாமல் போய்விடும். டிரையர் மாற்றாமல் போட்ட கம்ப்ரசருக்கு வாரண்டி தராத கம்பெனிகளும் உண்டு. உங்களிடம் சொன்ன 16,000-ல் இவையெல்லாம் அடக்கமா என்று கேளுங்கள். கம்ப்ரசருக்கு மட்டும்தான் என்றால் மொத்தச் செலவு இன்னும் ஏறும்.

ஓட்டையைத் தேடும்போது முதலில் கண்ணால் பாருங்கள். குழாய் இணைப்பு, கண்டன்சரின் முன்பக்கம், கம்ப்ரசர் மூக்கு (ஷாஃப்ட் வெளியே வரும் முன்பக்கம்) ஆகிய இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிய கறை இருந்தால் அங்கே சந்தேகப்படலாம். அப்புறம் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்துப் பார்க்கலாம். காற்று வரும் துவாரத்தில் கேஸ் டிடெக்டர் சத்தம் போட்டால் கூலிங் காயில்தான் ஒழுகுகிறது. டேஷ்போர்டை இறக்க வேண்டிய பெரிய வேலை அது. அதைக் கம்ப்ரசர் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

புதுப்பேட்டைச் சரக்கைப் பற்றி: பழைய கம்ப்ரசர் எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழாய் வாய்கள் மூடி போடாமல் திறந்து கிடந்தால் வாங்காதீர்கள். அதில் ஊற்றும் பிஏஜி என்ற கம்ப்ரசர் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கிளட்சின் நடுத் தட்டைக் கையால் சுற்றினால் சீராக, லேசான எதிர்ப்போடு சுற்ற வேண்டும். பிடித்துப் பிடித்து விட்டாலும், எதிர்ப்பே இல்லாமல் சுழன்றாலும் வேண்டாம். நான்கு வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்பதால் என் ஓட்டு புதியதற்குத்தான். வருடத்துக்குள் விற்பதாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

மாட்டும்போது எண்ணெய்க் கணக்கு முக்கியம். எந்த பிஏஜி எண் என்று கம்ப்ரசர் ஸ்டிக்கரில் இருக்கும். புதியதில் பெரும்பாலும் ஏற்கெனவே எண்ணெய் இருக்கும், அதன் மேல் இன்னும் ஊற்றினால் குளிர்ச்சி குறையும். பெல்ட் போடுவதற்கு முன் நடுத் தட்டைக் கையால் பத்து சுற்று சுற்றச் சொல்லுங்கள். கேஸ் ஏற்றும் முன், குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்பு அரை மணி நேரமாவது ஓட வேண்டும், முக்கால் மணி என்றால் நல்லது. ஏறக்குறைய முழு வெற்றிடத்தில் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், ஈரம் அப்படித்தான் வெளியேறுகிறது. பம்பை நிறுத்திய பிறகு இருபது நிமிடம் முள் அசையக் கூடாது. கேஸை எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்று பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும்.

மலிவு கேஸ் வேண்டவே வேண்டாம். ஆர்134ஏ என்ற பெயரில் மீதைல் குளோரைடு கலந்த போலிச் சரக்கு உலகச் சந்தையில் புழங்கியிருக்கிறது. 2011-ல் வியட்நாமில் சர்வீஸ் செய்யப்பட்ட குளிர்பதனக் கன்டெய்னர்கள் சில வெடித்துத் துறைமுகத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தக் கேஸ் அலுமினியத்தோடு வினைபுரிந்ததுதான் காரணம். எரியக்கூடிய எல்பிஜி கலந்த கேஸும் ஆபத்துதான். சீல் உடைக்காத கேன் உங்கள் கண் முன்னால் திறக்கப்படட்டும். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வேலை முடிந்த பிறகு மார்கழியிலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஏசியை ஓட விடுங்கள். எண்ணெய் ஓடினால்தான் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் காயாமல் இருக்கும்.