பிக்கப்பின் பின்புறக் காற்றுப்பைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பாரம் ஏற்றும் பிக்கப், டபிள் கெப் வாகனங்களின் பின்புற ஸ்பிரிங்குகளுக்குத் துணையாகப் பொருத்தும் காற்றுப்பைகள் பற்றிப் பல கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம். கொழும்பில் "எயார் பேக்" என்று சொன்னால் எவரும் ஸ்டீயரிங்குக்குள் இருப்பதைத்தான் நினைப்பார்கள். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் நான் அதைக் கேட்டபோது, எந்த விபத்தில் வெடித்தது என்று அனுதாபத்துடன் விசாரித்தார்கள். இங்கே பேசப்படுவது வேறு: வாகனத்தின் அடிச்சட்டமான செசிக்கும் பின் அச்சுக்கும் இடையே நிற்கும், காற்றடைத்த தடித்த றப்பர் பைகள்.

கேள்வி: என்னிடம் 2008ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப் இருக்கிறது. வாரம் இரண்டு தடவை புறக்கோட்டையில் பலசரக்கு ஏற்றி ஹட்டனுக்குப் போகிறோம். சாமான் ஏறியதும் பின்பக்கம் குந்திவிடுகிறது. இரவில் எதிரே வருபவர்கள் எல்லோரும் விளக்கை அடித்துக் காட்டுகிறார்கள். 5000 இறாத்தல் தாங்கும் காற்றுப்பை ஒரு சோடி போட்டால் இன்னும் அரைத் தொன் கூட்டி ஏற்றலாம் என்று கராஜில் சொல்கிறார்கள். போடலாமா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: போடலாம். ஆனால் அந்த அரைத் தொன்னை மறந்துவிடுங்கள்.

5000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 2268 கிலோ என்பது, அந்தச் சோடிப் பைகள் கிழியாமல் தாங்கக்கூடிய அளவே தவிர, உங்கள் வாகனத்துக்குப் புதிதாகக் கிடைக்கும் கொள்ளளவு அல்ல. ஏர் லிஃப்ட், ஃபயர்ஸ்டோன் போன்ற அமெரிக்கத் தயாரிப்பாளர்களே தங்கள் கையேடுகளில், வாகனத்துக்கு உற்பத்தியாளர் நிர்ணயித்த மொத்த எடையைத் தாண்ட வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பின் அச்சு, அதன் பெயரிங்குகள், டயர்கள், பிரேக், செசி ஆகிய எல்லாவற்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு. பை போட்டதும் அவற்றில் ஒன்றுகூடப் பலப்படுவதில்லை. டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் 112 என்று இருந்தால் அந்த டயர் 1120 கிலோவும், 106 என்று இருந்தால் 950 கிலோவும் தாங்கும். அந்தக் கிலோ அளவை இரண்டால் பெருக்கிப் பார்த்தாலே பின் அச்சில் எவ்வளவுக்கு மேல் வைக்கவே கூடாது என்பது விளங்கிவிடும்.

ஆகவே பைக்குப் பணம் கட்டுவதற்கு முன், வழமையான சாமானுடன் ஒரு நிறுவை மேடைக்குப் போய், முதலில் முழு வாகனத்தையும், பிறகு பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியும் எடை பாருங்கள். பழைய இரும்பு வாங்கும் பெரிய முற்றங்கள் சிலவற்றிலும் இந்த வசதி இருக்கும். கிடைக்கும் எண்களைப் பதிவுச் சான்றிதழிலுள்ள மொத்த எடையுடனும், வாகனக் கையேட்டிலுள்ள அச்சு எடையுடனும் ஒப்பிடுங்கள். எல்லைக்குள் இருந்தும் பின்பக்கம் குந்துகிறது என்றால்தான் காற்றுப்பைக்கு வேலை. எல்லைக்கு மேலே இருந்தால், குந்துவது வாகனம் உங்களிடம் சொல்லும் புகார். பையைப் போட்டு அதன் வாயை அடைக்கிறீர்கள், அவ்வளவே.

சாமானை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். உங்கள் ஹைலக்ஸின் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 3085 மில்லிமீற்றர். பின் அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னால், கதவோரமாக, 200 கிலோ சீனி மூட்டைகளை அடுக்கினால், பின் அச்சில் ஏறுவது 200 கிலோ அல்ல, சுமார் 265 கிலோ. மிகுதி 65 கிலோவை அந்த மூட்டைகள் முன்சக்கரங்களிலிருந்து நெம்பி எடுத்துவிடுகின்றன. ஸ்டீயரிங் இலேசாவதும், மழையில் முன்பக்கம் வழுக்குவதும் இதனால்தான். பையில் எவ்வளவு காற்றடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது; வாகனம் பார்வைக்கு நேராக நிற்கும், முன்சக்கரங்கள் இலேசாகவே இருக்கும். அதே மூட்டைகளைக் கெபினோடு ஒட்டி அடுக்குவதற்குச் செலவு எதுவும் இல்லை.

இன்னொன்று செசி பற்றியது. உங்கள் வாகனத்தின் பின்புற ஸ்பிரிங்கான வில்லுத் தகடுகள் பாரத்தைச் செசியில் இரண்டு இடங்களில், அச்சுக்கு முன்னும் பின்னுமாக, ஒரு மீற்றருக்கு மேற்பட்ட இடைவெளியில் பிரித்துக் கொடுக்கின்றன. காற்றுப்பையோ அச்சுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுக்கொடுக்கிறது. அதிக பாரத்துடன் பையில் அமுக்கத்தையும் ஏற்றி, குழி விழுந்த தெருவில் வேகமாகப் போகும்போது, செசி அந்த இடத்தில் வளைந்துவிடலாம். அவுஸ்திரேலியாவில் டபிள் கெப் வாகனங்கள் பல இப்படி முதுகு ஒடிந்து நின்றிருக்கின்றன.

கடைசியாக, 2008ஆம் ஆண்டு வாகனத்தின் வில்லுத் தகடுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். சாமான் இல்லாமல் நிற்கும்போதே அவை தட்டையாகக் கிடந்தால், தேவைப்படுவது புதிய தகடுகள். களைத்துப்போன ஸ்பிரிங்கின் வேலையைப் பைக்குக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: பழைய பிக்கப் ஒன்றுக்குக் காற்றுப்பை போட்டோம். சாமானுடன் போனாலும் வாகனம் இப்போது பலகை போல நேராக நிற்கிறது. ஆனால் கினிகத்தேனைப் பக்க இறக்கங்களில் முன்பைவிட அதிக தூரம் போய்த்தான் நிற்கிறது. முன் பிரேக்கிலிருந்து கருகிய மணமும் வருகிறது. பேட் மாற்றியும் பயனில்லை. இதற்கும் பைக்கும் தொடர்பு இருக்குமா?
— வத்தளை வாசகர்

பதில்: நேரடியான தொடர்பு இருக்கலாம். இந்த மாதம் வந்த கடிதங்களில் மிக அவசரமானதும் உங்களுடையதுதான்.

வாகனத்தின் அடியில் பாருங்கள். பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி எழும்பி, செசியில் பொருத்தியிருக்கும் ஒரு சிறிய வால்வின் நெம்புகோலில் முடிகிறதா? அப்படியானால் அது பாரத்தை உணர்ந்து பின் பிரேக்குக்கு எண்ணெய் அமுக்கத்தைப் பகிரும் வால்வு. அதற்கு நிறுவை தெரியாது. உயரம் மட்டுமே தெரியும். செசி அச்சை நோக்கித் தாழ்ந்திருந்தால் "பாரம் இருக்கிறது" என்று எண்ணிப் பின் பிரேக்குக்கு முழு அமுக்கத்தையும் அனுப்பும். செசி உயர்ந்திருந்தால் "வெறும் வண்டி" என்று எண்ணி, பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அமுக்கத்தைக் குறைக்கும்.

இப்போது ஒரு தொன் சாமானை ஏற்றிவிட்டு, பையில் காற்றடித்து, வாகனத்தை வெறும் வண்டியின் உயரத்துக்குத் தூக்கிவிட்டீர்கள். வால்வு ஏமாந்துவிட்டது. பாரம் முழுவதும் பின்னால் இருக்க, பின் பிரேக் அரைகுறையாக வேலை செய்ய, இறக்கம் முழுவதையும் முன் பிரேக் தனியாகத் தாங்குகிறது. கருகிய மணத்துக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். புதிய பேட்டும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

உடனடியாகச் செய்யக்கூடியது, பையின் அமுக்கத்தைக் குறைத்து, பாரத்துடன் நிற்கும்போது பின்பக்கம் வெறும் வண்டியின் உயரத்தைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருக்கும்படி விடுவது. "பலகை போல நேராக" என்பது பார்க்க அழகு. இந்த வால்வு உள்ள வாகனத்துக்கு அது தேவையில்லாத அழகு. அடுத்ததாக, பிரேக் அமுக்கத்தை அளக்கும் கேஜ் வைத்திருக்கும், இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் வால்வின் கம்பியைச் சரிபார்க்கக் கொடுங்கள். சில பாஸ்மார் நெம்புகோலை மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவிட்டு "இனிப் பயமில்லை" என்பார்கள். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்: அப்போது வால்வு எந்நேரமும் பாரம் இருப்பதாகவே எண்ணும், சாமானை இறக்கிவிட்டு மழையில் வெறும் வண்டியாகத் திரும்பும்போது, பிரேக்கை அழுத்தியதும் பின்சக்கரங்கள் பூட்டி வண்டி குறுக்கே திரும்பும்.

புதிய வாகனங்கள் பலவற்றில் இந்தப் பங்கீட்டைச் சக்கர வேகத்தைப் பார்த்து மின்னணு முறையில் செய்வதால், அவை உயரத்தைக் கண்டு ஏமாறுவதில்லை.

கேள்வி: பை போட்டு ஆறு மாதமாகிறது. இரவில் 40 பிஎஸ்ஐ வைத்தால் விடியும்போது 20தான் இருக்கிறது. வளைவுகளில் வாகனம் முன்பைவிட அதிகமாகச் சாய்வதுபோலவும் தெரிகிறது. பையையே மாற்றச் சொல்கிறார்கள்.
— மட்டக்குளி வாசகர்

பதில்: பையை மாற்றுவதற்கு முன் ஒரு கோப்பைச் சவர்க்கார நீருக்குச் செலவழியுங்கள். காற்று கசிவது பெரும்பாலும் பையில் அல்ல, குழாய் இணைப்பிலும் காற்றடிக்கும் வால்விலும்தான்.

இது எனக்கே நேர்ந்தது. நகரில் ஒரு கராஜில் என் வாகனத்துக்குப் பை பொருத்தினார்கள். மூன்று நாளில் வலப்பக்கம் இறங்கிவிட்டது. கீழே படுத்துக்கொண்டு இணைப்பில் நுரையைப் பூசிப் பார்த்தேன். குண்டூசித் தலை அளவில் ஒரு குமிழி முளைத்து, மெல்லப் பெருத்து, உடைந்து, அதே இடத்தில் மறுபடி முளைத்தது. குழாயைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது: பிளாஸ்டிக் குழாயைக் குறட்டால் கடித்து வெட்டியிருந்ததால், அதன் வாய் வட்டமாக இல்லாமல் நசுங்கிய முட்டை போல இருந்தது. அந்த முனையைக் கூரான பிளேடால் நேர்ச்செங்குத்தாக வெட்டி, கடைசிவரை அழுத்திச் செருகியதும் கசிவு நின்றது. செலவு, ஒரு பிளேட்டின் விலை.

வளைவில் சாய்வதற்கான காரணத்தை உங்கள் கடிதத்தின் இன்னொரு வரியிலேயே கண்டேன்: இரண்டு பைகளுக்கும் ஒரே வால்வு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே குழாயில் இணைந்திருந்தால், வளைவில் வெளிப்பக்கப் பை அமுங்கும்போது அதன் காற்று உட்பக்கப் பைக்கு ஓடிவிடும். எந்தப் பக்கம் தாங்க வேண்டுமோ அந்தப் பக்கம் கைவிட்டுவிடும். இரு பக்கத்துக்கும் தனிக் குழாயும் தனி வால்வும் போடச் சொல்லுங்கள்.

வாகனம் தூக்கப்பட்டிருக்கும் அதே வேளையில் மற்றவற்றையும் பார்த்துவிடுங்கள். பை எதனோடும் உரசக் கூடாது: பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், ஏபிஎஸ் வயர், டயரின் உட்பக்கம் எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள், உரசும் இடத்தில் றப்பர் மினுமினுப்பாகத் தேய்ந்திருக்கும். புகைக்குழாய் பைக்கு அருகில் போனால், பெட்டியோடு வரும் வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம் இருக்க வேண்டும். தேவையில்லாத துண்டு என்று அதை எறிந்துவிட்ட இடங்களையும் பார்த்திருக்கிறேன். செசியை மட்டும் பிடித்து வாகனத்தைத் தூக்கும்போது அச்சு கீழே தொங்கிப் பையை அளவுக்கு மீறி இழுக்கும். ஆகவே முதலில் காற்றை இறக்கிவிட்டு, அச்சுக்கும் முட்டுக்கொடுக்க வேண்டும். புதிதாகப் போட்ட ஆணிகளை முதல் சில நூறு கிலோமீற்றருக்குப் பின் மறுபடி இறுக்குவதும் வேலையின் ஒரு பகுதிதான்.

சாமான் இல்லாதபோது காற்றை முழுவதும் இறக்கிவிட்டு ஓட வேண்டாம். பரவலாகக் கிடைக்கும் பைகளுக்குக் குறைந்தது 5 பிஎஸ்ஐ, உச்சம் 100 பிஎஸ்ஐ. காற்றில்லாத பை மடிந்து, அதன் மேல், கீழ்த் தகடுகளுக்கு இடையில் கடிபட்டுக் கிழியும். டயரோடு ஒப்பிட்டால் பைக்குள் இருக்கும் காற்று மிகக் கொஞ்சம் என்பதால், ஒவ்வொரு முறை கேஜ் வைக்கும்போதும் ஓரிரு பிஎஸ்ஐ போய்விடும். அதைக் கசிவு என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: கொழும்பில் 40 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனால் குளிரில் அமுக்கம் குறைந்துவிடாதா? போகும் வழியில் காற்றடிக்க வேண்டுமா?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: வேண்டியதில்லை. காரணமும் சுவையானது. கொழும்பில் 30 பாகை, அங்கே 14 பாகை என்று வைத்துக்கொண்டால், குளிர்ச்சியினால் பைக்குள் சுமார் 3 பிஎஸ்ஐ குறையும். ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வெளியே உள்ள வளிமண்டல அமுக்கமும் சுமார் 3 பிஎஸ்ஐ குறைவு. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை என்பதால், ஒன்றை மற்றது ஈடுசெய்து, மேலேயும் 40க்குப் பக்கத்தில்தான் காட்டும். அங்கே சாமானை இறக்கிய பிறகு அமுக்கத்தைக் குறைக்க மறந்தால்தான் தொல்லை: திரும்பி வரும் வழி முழுவதும் பின்பக்கம் குதித்துக்கொண்டே வரும்.

கேள்வி: என்னுடைய நிசான் நவாராவின் பின்புறத்தில் வில்லுத் தகடுகள் இல்லை, சுருள் ஸ்பிரிங்தான். அதற்கும் இதே பை பொருந்துமா?
— தெஹிவளை வாசகர்

பதில்: பொருந்தாது. சுருள் ஸ்பிரிங்குக்கு அதன் நடுவே செருகும் உருளை வடிவப் பை தனியாக இருக்கிறது; அதன் உச்ச அமுக்கமும் மிகக் குறைவு, ஆகவே மேலே சொன்ன 100 பிஎஸ்ஐ கணக்கை அதற்குப் பயன்படுத்தவே வேண்டாம், பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் பின்பற்றுங்கள். வாங்கும்போது புதியதாகவே வாங்குங்கள். பஞ்சிகாவத்தையில் தேடினால் கழற்றிய பைகளும் அகப்படலாம். கியர்பெட்டியைப் பழையதாக வாங்கலாம், காற்றுப்பையின் றப்பரைப் பழையதாக வாங்கக் கூடாது.