உடைந்த ஓட்டுக்கு எதற்குக் கண்ணாடிப் பெட்டி?

கே: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரி அருங்காட்சியகம் போயிருந்தோம். வெண்கலச் சிலைகளையும் பிரெஞ்சு ஆளுநராக இருந்த துப்ளேயின் கட்டிலையும் ஆசையாகப் பார்த்தார்கள். பக்கத்திலிருக்கும் பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்களிடம் வந்ததும், "உடைஞ்ச பானையைப் பார்க்கவா டிக்கெட்டு?" என்றான் பெரியவன். என்ன பதில் சொல்வது?
- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

ப: நியாயமான கேள்விதான். ஆனால் என்னைக் கேட்டால் அந்த ஓடுகளுக்காகவே டிக்கெட் எடுக்கலாம், கட்டில் இலவச இணைப்பு.

அடுத்த முறை ஆம்போரா ஜாடித் துண்டுகள் முன்னால் பையனை நிறுத்துங்கள். இரண்டு காது, கூரான அடி. தரையில் நிற்காத ஜாடியை எவனாவது செய்வானா என்று அவனையே கேளுங்கள். கப்பலில் அடுக்கத்தான் அப்படி: கீழ்வரிசை ஜாடிகளின் தோள்களுக்கு நடுவே மேல்வரிசையின் கூர்முனை உட்கார்ந்துகொள்ளும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஒயின், ஆலிவ் எண்ணெய், மீனைப் புளிக்க வைத்து வடித்த சாறு எல்லாம் இதில்தான் வந்தன. கருவாடு மணக்கும் ஊர்க்காரர்கள் நாம், அந்தச் சாற்றுக்கு முகம் சுளிக்க நமக்கு உரிமை இல்லை.

பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் 1944இல் சென்னை அருங்காட்சியக அலமாரியில் இப்படி ஓர் உடைந்த ஜாடியைப் பார்த்துவிட்டுத்தான் புதுச்சேரிக்கு ஓடி வந்தார். 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியின் அரெட்சோ நகரத்துப் பாணியில் செய்த பளபளப்பான சிவப்புத் தட்டுகளின் துண்டுகள் கிடைத்தன. சிலவற்றின் உள்ளடியில், மண் காயுமுன் குத்திய குயவர் பெயர் முத்திரையும் இருந்தது. அந்தத் தட்டுகள் எந்தக் காலத்தவை என்பது முன்பே தெரியும். அப்புறம் என்ன, அதே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் வயது தெரிந்துவிட்டது: ஏறக்குறைய 2,000 ஆண்டு. தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது காலக்கணக்கு போட்டுக் கொடுத்தது. துப்ளேயின் கட்டிலால் முடியுமா?

உள்பக்கம் வட்ட வட்டமாகப் பொடிக்கோடு ஓடும் தட்டுகளையும் காட்டுங்கள். அவற்றை வீலர் வெளிநாட்டுச் சரக்கு என்றே நினைத்தார். பின்னால் வந்த ஆய்வுகள் களிமண்ணைச் சோதித்து, இந்தியாவில் செய்தவை என்றன.

கடலூர் திரும்பும் வழியில் அரியாங்குப்பத்தில் வீராம்பட்டினம் சாலைக்குத் திரும்பினால் அரிக்கமேடே இருக்கிறது. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள், பழைய பாதிரியார் மடத்தின் செங்கல் சுவர்கள்தான் நிற்கும். மழைக்குப் பிறகு பாசிமணி ஏதாவது கண்ணில் பட்டால் பையன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட இடம் அது.