பண்ணை வீட்டுக்குப் போனால் கண்காணிப்பு நின்றுவிடுமா?

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். எதைத் தேடினாலும் விளம்பரமாகப் பின்னாலேயே வருகிறது. எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து திருவண்ணாமலைப் பக்கம் நிலம் வாங்கி, ஸ்மார்ட்போன் இல்லாமல் வாழ நினைக்கிறோம். என் மனைவி தயங்குகிறார். எங்கள் அந்தரங்கத்துக்கு இது பாதுகாப்பா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஓரளவுக்குத்தான்.

சேர்ந்து போவது நல்ல யோசனை. நீங்கள் மட்டும் போனை விட்டுப் பயனில்லை. மைத்துனர் ஏதோ ஒரு செயலிக்குத் தன் போனிலுள்ள எண்களைத் திறந்துவிட்டால் உங்கள் பெயரும் எண்ணும் அதோடு போய்விடும். குழந்தையின் பிறந்தநாள் படத்தைப் பெரும்பாலும் உறவினர்தான் ஏற்றுகிறார். எட்டு வீடும் ஒரே கட்டுப்பாட்டில் இருந்தால் இது வெகுவாகக் குறையும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பழைய முறையில் எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களில் பலர் வீட்டுக்குள் போன் வைப்பதில்லை. சில குடும்பங்களுக்குப் பொதுவாக வெளியே ஒரு கொட்டகையில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய கவலை குடும்பமும் சபையும் சிதறக்கூடாது என்பது. ஆனாலும் எதை ஏற்பது, எதை விடுவது என்று கூடிப் பேசி முடிவெடுக்கும் அந்த வழக்கம் உங்களுக்கும் உதவும். விருந்தாளியின் போன், குழந்தைகளைப் படமெடுப்பது இரண்டையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி எழுதிவையுங்கள்.

அந்த நிலமே உங்களைக் காட்டிக்கொடுக்கும் என்பதையும் யோசியுங்கள். பத்திரப் பதிவின்போது படமும் கைரேகையும் எடுப்பார்கள். சர்வே எண் தெரிந்தவர் பட்டாவை இணையத்திலேயே பார்க்கலாம். ரேஷன், வங்கி, கரண்ட் பில் எல்லாம் கூடவே வரும். பட்டன் போனாக இருந்தாலும் எந்த டவருக்குக் கீழே இருக்கிறீர்கள் என்பது கம்பெனிக்குத் தெரியும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதை நம்பிச் சென்னையிலேயே இன்றைக்குத் தொடங்கலாம்: முதல் 8 எண்களை மறைத்த ஆதார் நகலைக் கொடுங்கள், ஆதாரில் கைரேகையைப் பூட்டிவையுங்கள் (ரேஷனுக்குத் தற்காலிகமாகத் திறக்கலாம்), கடையில் போன் நம்பர் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

உங்கள் மனைவியின் தயக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எட்டு வீடுகள் ஒரே வளாகத்தில் இருந்தால் யார் வந்தார், எப்போது வெளியே போனார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பார்வை பெண்கள் மேல்தான் அதிகம் விழும். பிள்ளைகளின் விடுமுறையில் குடும்பத்தோடு அங்கே தங்கிப் பாருங்கள். முடிவை அவர் சொல்லட்டும். இரவில் பாம்பு கடித்தால் 108-ஐ எந்த போனில் கூப்பிடுவது என்று அவர் கேட்பார். அதற்குள் அந்த எட்டுக் குடும்பத்திடமும் பதில் இருக்க வேண்டும்.