அம்மா போன பிறகு: கேட்டீர்கள், சொல்கிறேன்

துக்கத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் பல வருடங்களாக என் வேலை. என் அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அதனால் சில பதில்களில் தொழில் பேசும், சிலவற்றில் மகள் பேசுவாள். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், மன்னிக்கவும்.

அக்கா, அம்மா இறந்து எட்டு மாதம். "இன்னுமா அழுகிறாய்?" என்கிறார்கள். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு) என்று படித்தேன். நான் எதில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

அந்த ஐந்து கட்டங்களை முதலில் தூக்கி ஓரமாக வையுங்கள். எலிசபெத் கியூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் அதை எழுதியது, தாங்களே சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்துவிட்டு. பறிகொடுத்தவர்கள் ஏறவேண்டிய படிக்கட்டாக அது மாறியது பிற்பாடுதான். நான் பார்த்தவரை உண்மைக்குப் பக்கத்தில் வருவது ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு துக்க ஆய்வாளர்கள் 1999-ல் சொன்னது: மனசு ஊசல் மாதிரி இரண்டு பக்கமும் போய்வரும். காலையில் அம்மாவின் கண்ணாடிக் கூட்டைத் திறந்து அழுவீர்கள், மதியம் கரண்ட் பில் கட்டுவீர்கள், சாயந்திரம் யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்துவிட்டு உங்களையே திட்டிக்கொள்வீர்கள். அந்தச் சிரிப்பும் துக்கத்தில் சேர்த்திதான்.

மருத்துவத்தில் "நீடித்த துக்கம்" என்று ஒரு நோய்ப்பெயர் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் குறைந்தது 6 மாதம், அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 கையேட்டில் பெரியவர்களுக்கு 12 மாதம் என்று கணக்கு. மாதக் கணக்கு மட்டும் போதாது, கிட்டத்தட்ட தினமும் அந்த ஏக்கம் ஆளை முடக்கிப்போட்டிருக்க வேண்டும். ஆனால் தூக்கமும் சாப்பாடும் அடியோடு போய்விட்டால், "நானும் அம்மாவோடு போயிருக்கலாம்" என்று தோன்றினால், காலண்டரைப் பார்க்காதீர்கள். இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் தனியாக இருக்கும்போது அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்கிறது. எனக்கு மூளை குழம்பிவிட்டதா?

இல்லை. டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-ல் எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி ஏதோ ஒன்று நடந்திருந்தது: பலர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதை உணர்ந்திருந்தார்கள், சிலர் குரல் கேட்டிருந்தார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவர் கேட்டது கணவன் மனைவியரிடம்தான், ஆனால் அம்மாவை இழந்தவர்கள் இதையே என்னிடம் சொல்லும்போதும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்கிறார்கள். அந்தக் குரல் உங்களைப் பயமுறுத்தினாலோ, அதைச் செய் இதைச் செய் என்று ஏவினாலோ அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும்.

அம்மா போர்த்தியிருந்த போர்வையை இன்னும் துவைக்கவில்லை. வாசனை போய்விடுமே என்று பயம்.

துவைக்காதீர்கள். யார் கேட்கிறார்கள்? மற்ற புலன்கள் சேதி அனுப்பும்போது அது மூளையில் தலாமஸ் என்ற இடத்தைத் தாண்டித்தான் போகும். வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சியும் ஞாபகமும் இருக்கிற பகுதிகளுக்கு நேராகப் போய்விடும். அதனால்தான் ஆளை அப்படிச் சாய்க்கிறது. காற்றுப் புகாத பையில் போட்டு வைத்தால் கொஞ்ச காலம் தாங்கும். என்றாலும் ஒருநாள் போகும், அதற்கும் தயாராக இருங்கள். குரல் அப்படிப் போக வேண்டியதில்லை. போனில் கிடக்கிற வாய்ஸ் மெசேஜ்களை இன்று ராத்திரியே இரண்டு வேறு இடங்களில் சேமித்துவிடுங்கள். போன் மாற்றும்போது அதைத் தொலைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

என் இரண்டு வயதிலேயே அம்மா போய்விட்டார். முகம்கூட ஞாபகம் இல்லை. ஞாபகமே இல்லாத ஒருவருக்காக ஏங்குவது சரியா?

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒன்று. மூன்று வயதுக்கு முன் நடந்தது பெரியவர்களில் அநேகமாக யாருக்குமே ஞாபகம் இருப்பதில்லை. நீங்கள் அம்மாவை மறக்கவில்லை, அந்த வயதுக்குச் சேர்த்துவைக்கத் தெரியாது.

உங்கள் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ அம்மாவிடமிருந்து மட்டும் வருவது. அதைவிட ஆச்சரியம், கர்ப்பத்தில் அம்மாவின் செல்கள் சில குழந்தைக்குள் வந்துவிடும். குழந்தை வளர்ந்து பெரியவரான பிறகும் அவை உடம்பில் இருப்பதை 1999-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதை அன்பு கின்பு என்று நான் நீட்டப் போவதில்லை, செல் என்றால் செல்தான். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன்.

அப்புறம், அவரைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்று முடித்துவிடுவார்கள். எதற்குக் கோபம் வரும், எப்படிச் சிரிப்பார், என்ன பொய் சொல்வார் என்று கேளுங்கள். அப்போதுதான் ஆள் எழுந்து வருவார்.

எல்லோரும் அம்மாவைத் தெய்வம் என்கிறார்கள். எனக்கும் அவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இப்போது அழுவது நடிப்பு போல இருக்கிறது.

நடிப்பு இல்லை. சண்டை பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். சுமுகமாக இருந்த உறவைவிட இப்படிப்பட்டதுதான் பல பேருக்கு அதிக நாள் இழுக்கிறது, ஏனென்றால் சமாதானமாக இனி வழியில்லை. தெய்வமாக்கவும் வேண்டாம், வழக்கும் நடத்த வேண்டாம். அவரிடம் சொல்லாமல் விட்டதை, வசவு உட்பட, ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

ஐந்து வயது மகன் "பாட்டி எப்போ வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

"தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" வேண்டாம், தூங்கவே பயப்படுவான். "இறந்துட்டாங்க, உடம்பு வேலை செய்றது நின்னுபோச்சு, திரும்ப வரமாட்டாங்க" என்று சொல்லுங்கள். மறுபடியும் கேட்பான். மறுபடியும் அதையே சொல்லுங்கள்.

அன்னையர் தினம் வந்தாலே விளம்பரங்களைப் பார்க்க முடியவில்லை.

அந்த நாளைத் தொடங்கிய அன்னா ஜார்விஸும் அம்மாவை இழந்தவர்தான். அவர் அம்மா 1905-ல் இறந்தார், நினைவுக் கூட்டம் 1908-ல். 1914-ல் அமெரிக்காவில் அதிகாரபூர்வ நாள் ஆனது. அம்மாக்கள் என்று பன்மையில் எழுதக்கூடாது, அவரவர் தன் அம்மாவை நினைக்கிற நாள் என்று பிடிவாதம் பிடித்தார். பூவும் வாழ்த்து அட்டையும் விற்க ஆரம்பித்ததும் தான் தொடங்கிய நாளையே எதிர்த்துச் சண்டை போட்டார். விளம்பரம் எரிச்சலாக இருந்தால் நீங்கள் அவர் கட்சி. போனை அணைத்துவிடுங்கள்.

மனசுக்குள் அம்மாவிடம் தினமும் பேசுகிறேன். விட்டுவிட வேண்டுமா?

1917-ல் மனப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் ஃபிராய்ட், இறந்தவரிடமிருந்து மனசைப் பிரித்தெடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்று எழுதினார். பிறகு 1920-ல் அவர் மகள் ஸோஃபி இறந்தாள். ஒன்பது வருடம் கழித்து ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எது நிரப்பினாலும் அது வேறொன்றாகத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்கிற பொருளில் எழுதினார். 1996 வாக்கில் கிளாஸ், சில்வர்மேன், நிக்மேன் என்ற ஆய்வாளர்கள், இறந்தவரோடு இப்படி உறவு தொடர்வதற்குத் "தொடரும் பந்தம்" என்றே பெயர் வைத்தார்கள். பேசுங்கள்.

உங்கள் அம்மாவிடமிருந்து உங்களுக்கு ஒட்டிக்கொண்டது என்ன அக்கா?

போனை வைக்கமாட்டார். எல்லாம் பேசி முடித்த பிறகும் "சரி, அப்புறம்?" என்பார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. "அப்புறம் ஒண்ணும் இல்லம்மா" என்று எத்தனையோ நாள் எரிந்து விழுந்திருக்கிறேன். வெளியூரில் இருக்கும் என் மகளிடம் போன வாரம் பேசி முடித்ததும் "சரி, அப்புறம்?" என்றேன். "பாட்டி மாதிரி பண்ணாதம்மா" என்றாள். இன்னொரு தடவை கேட்டேன். மூன்றாவதுக்குள் வைத்துவிட்டாள்.