நெல்லைப் பக்கம் கிராமத்தில் விசேஷம். மேப்பைப் பார்த்துப் பத்திரிகையில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி வழி எழுதுவது எப்படி?

பத்திரிகை அச்சுக்குப் போகப் போகிறது, வழி எழுதும் வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள், சரிதானே? எனக்கும் அப்படித்தான்.

போன வருஷம் எங்கள் வீட்டுப் பால்காய்ப்பு. பத்தமடைக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து ஆற்றைப் பார்த்து உள்ளே போகவேண்டும். மேப்பைத் திறந்து மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், பத்தமடை என்று வரிசையாக எழுதி, 'பெரிய ஆலமரத்தில் வலது பக்கம் திரும்பவும்' என்று முடித்தேன். வாசித்த அப்பா, "வடக்க திரும்பணும்னு போடு" என்றார். இந்தக் காலத்தில் யார் வடக்கு தெற்கு பார்க்கிறார்கள் என்று சிரித்துவிட்டேன்.

முகூர்த்தம் காலை 4.30 முதல் 6. தங்கச்சியின் மாமனார் வீட்டார் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வேனில் வந்தார்கள். நெல்லையிலிருந்து வருகிறவனுக்கு வலது பக்கம் ஆறு. மேற்கேயிருந்து வருகிறவனுக்கு வலது பக்கம் வயல்காடு. பத்திரிகையில் போட்டபடியே வலது பக்கம் திரும்பியிருக்கிறார்கள். சந்தேகம் வந்து டிரைவர் மேப்பைப் போட்டால், அது வாய்க்கால் கரையையும் ரோடு என்று காட்டியிருக்கிறது. 5.15க்கு மாமா போன் பண்ணினார்: "தம்பி, ஒரு பக்கம் வாய்க்கா, ஒரு பக்கம் வாழைத்தோப்பு. வண்டியத் திருப்ப எடமில்ல." அவர்கள் வந்து சேர்ந்தபோது பால் பொங்கி ஆறியே போயிருந்தது. "எங்கேருந்து வந்தாலும் வடக்கு வடக்குதாம்ல" என்றார் அப்பா.

ஆகவே இரண்டு வழியாகப் பிரித்து எழுதுங்கள். எங்கள் ஊருக்கு இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்: 'நெல்லையிலிருந்து வருவோர் பத்தமடை தாண்டி 2 கி.மீ., தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வலப்புறம், வடக்கே. சேரன்மகாதேவி வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து வருவோர் அதே தொட்டியில் இடப்புறம், வடக்கே. பத்தமடை வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள்.' இந்த 'தாண்டிவிட்டீர்கள்' இல்லாத வழி அரைகுறைதான். தூரத்தை மேப்பிலேயே அளந்து போடுங்கள், 'கொஞ்ச தூரம்' வேண்டாம். சேட்டிலைட் படத்திலும் ஒருமுறை பாருங்கள், கரையா தார் ரோடா என்று ஓரளவு தெரியும். அப்புறம், அடையாளம் விடியற்காலை இருட்டில் கண்ணில் படுமா என்று ராத்திரி ஒருதரம் போய்ப் பார்த்துவிடுங்கள். என் ஆலமரம் படவில்லை, டீக்கடைக்காரரை எழுப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

'லொக்கேஷன் அனுப்பினால் போதாதா' என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். அனுப்பினேன் ஐயா. மாமாவிடம் இருப்பது பட்டன் போன். பத்திரிகையிலும் இருக்கட்டும் என்று அட்சரேகை தீர்க்கரேகை எண்களைக் கொடுத்தேன். அச்சகத்தில் அழகு கெடுகிறது என்று புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்தோடு நறுக்கிவிட்டார்கள். இரண்டாவது இலக்கத்தில் ஒன்று மாறினாலே 1 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போகும். நாலு இலக்கம் இருந்தால் பத்துப் பதினோரு மீட்டருக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். பிழை திருத்தித் தராமல் காசை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டார்கள்.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. ஊர்ப் பெயர்ப் பலகை என்று ரோட்டில் ஒன்று நிற்கிறதே, அதன் மேல் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டுகிறார்கள். செத்தவர் எந்த ஊர் என்று அதிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வந்தவனுக்கு எந்த ஊரில் நிற்கிறோம் என்பதுதான் தெரியாது. எங்கள் ஊர்ப் பலகையை நான் இரண்டு தடவை அவிழ்த்துவிட்டேன், சண்டைக்கு வந்தார்கள்.

மாமா இன்றைக்கும் வீட்டுக்குள் நுழையும்போது, "வலது காலை எடுத்து வைக்கவா, வடக்குக் காலையா?" என்றுதான் கேட்கிறார்.