எலிக்குப் புற்றுநோய் ரசாயனம் கொடுத்தால் திசுவுக்குள் என்ன நடக்கிறது?

கேள்வி இது: ஆய்வக எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனத்தைக் கொடுத்தால் உடனே கட்டி வந்துவிடுமா, திசு எப்படி மாறும், எலிக்கு வந்தால் நமக்கும் வருமா?

உடனே எல்லாம் வராது. கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்தில் திசுக்களை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. எலியைப் பார்த்ததைவிட எலியின் குடலையும் கல்லீரலையும்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ரசாயனம் கொடுத்த எலியின் சிலைடை முதல்முறை பார்த்துவிட்டு, "அக்கா, இதுல ஒண்ணுமே தெரியலையே, மாத்தி வச்சிட்டீங்களா?" என்று கேட்பார்கள். மாற்றியெல்லாம் வைக்கவில்லை, ஆரம்பத்தில் அது அப்படித்தான் இருக்கும்.

குடல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது அசாக்ஸிமீத்தேன் என்ற ரசாயனம். எலிக்கு ஊசியாகப் போடுவார்கள். அது நேராகப் போய்க் குடலைத் தாக்குவதில்லை. உடம்புதான் அதை உடைத்து, டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும் ஒன்றாக மாற்றிவிடுகிறது. பெரும்பாலான புற்றுநோய் ரசாயனங்களின் கதை இதுதான். வந்த விஷத்தைக் கரைத்து வெளியே தள்ளலாம் என்று கல்லீரல் என்சைம்கள் வேலையைத் தொடங்க, நடுவழியில் முதலில் வந்ததைவிட மோசமான பொருள் ஒன்று உருவாகிவிடுகிறது.

டி.என்.ஏ. அடிபட்ட சில மணி நேரத்திலேயே குடலின் உள்சுவரில் இருக்கும் நுண்குழிகளின் அடிப்பகுதியில் செல்கள் தாங்களாகவே சாகத் தொடங்கும். பழுதோடு பிழைத்துப் பெருகுவதைவிடச் செத்துவிடுவது உடம்புக்கு நல்லது, அதற்கான ஏற்பாடு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது. சரியான நேரத்தில் எடுத்த சிலைடில் சுருங்கிக் கறுத்த சிறு துண்டுகளாக அவற்றைப் பார்க்கலாம். அப்புறம் பக்கத்துச் செல்கள் பிரிந்து பெருகி அந்த இடத்தை நிரப்பிவிடும். கொஞ்ச நாள் கழித்து எடுத்தால் குடல் பழையபடி இருக்கும், பிள்ளைகள் கேட்கும் கேள்வியும் வரும்.

ஆனால் சாகாமல் தப்பிய செல் ஒன்றிரண்டு இருக்கும். பழுதைச் சரிசெய்வதற்குள் பிரிந்துவிட்டதால் அந்தப் பிழை அதன் சந்ததிக்கெல்லாம் போய்விடும். இதை மைக்ரோஸ்கோப்பில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிடிக்க முடியாது, பக்கத்துச் செல்லுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற வீக்கம், தடிப்பு, செத்த செல்கள் எல்லாம் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒன்றுமே தெரியாத இந்த மாற்றம்தான் நிரந்தரம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் சுவாரசியமான இடம் இதுதான்.

இதை மிக அழகாகக் காட்டியது சுண்டெலித் தோல். 1940களில் ஆக்ஸ்போர்டில் பெரன்ப்ளம், ஷூபிக் இருவரும் செய்த சோதனை. டி.எம்.பி.ஏ. போன்ற புற்றுநோய் ரசாயனத்தைச் சிறிய அளவில் ஒரே ஒரு தடவை முதுகில் தடவினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதே இடத்தில் அடுத்து வாராவாரம் நேர்வாள எண்ணெயைத் தடவிக்கொண்டே வந்தால் கட்டிகள் முளைக்கும். ஆமாம், சித்த வைத்தியத்தில் பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளம். அது டி.என்.ஏ.வைத் தொடுவதில்லை, தோலை எரிச்சலூட்டி, செல்களை ஓயாமல் பெருகவைக்கும், அவ்வளவுதான். சாதாரணமாக ஓரிரு அடுக்கு மட்டுமே இருக்கும் சுண்டெலியின் மேல்தோல் பல அடுக்காகத் தடித்துவிடும், கீழே வெள்ளணுக்கள் வந்து மொய்க்கும். வரிசையை மாற்றி எண்ணெயை முதலில் தடவி ரசாயனத்தைப் பிறகு தடவினால் கட்டி வருவதில்லை. ஆனால் ரசாயனம் தடவிய பிறகு மாதக்கணக்கில் சும்மா விட்டுவிட்டு எண்ணெயைத் தொடங்கினால்கூட வரும். அந்தப் பழுதான செல் அத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

எண்ணெயைச் சீக்கிரம் நிறுத்திவிட்டால் முளைத்த மருக் கட்டிகளில் பல தாமாகவே சுருங்கிவிடும். மிஞ்சியவற்றிலும் சிலதான் உண்மையான புற்றுநோயாகும், அதற்கும் வேறு மரபணுக்கள் கெட வேண்டும். பழுதான செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 மரபணு இல்லாத சுண்டெலிகளில் மருக்கள் கூடுதலாக வருவதில்லை, ஆனால் வந்தவை வேகமாகப் புற்றாகின்றன. நான் கொடுக்கும் சிலைடில் நோயியல் மருத்துவர் முதலில் தேடுவது அடித்தளச் சவ்வை. மேல்தோலுக்கும் அதன் கீழ்ச் சதைக்கும் நடுவே ஓடும் மெல்லிய கோடு அது. செல்கள் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் கோட்டுக்கு மேலேயே நின்றால் அது ஒரு நிலை. கோட்டை உடைத்துக் கீழே இறங்கிவிட்டால் புற்றுநோய் என்று பெயரே மாறிவிடும்.

தாரைத் தடவி விலங்குக்கு முதன்முதலில் புற்றுநோய் வரவழைத்தது 1915இல், டோக்கியோவில். யாமகிவா, இச்சிகாவா என்ற இருவர் முயலின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் விடாமல் தடவினார்கள். அவர்களுக்கு முன்னால் செய்து பார்த்தவர்கள் தோற்றதற்குப் பெரிய காரணம் பொறுமை போதாததுதான் என்பார்கள்.

மறுபடி குடலுக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே மூலிகை ஆராய்ச்சிகளில் அதிகம் அடிபடுவது அதுதான். ஊசி போட்டுச் சில வாரங்கள் கழித்துப் பெருங்குடலை நீளவாக்கில் பிளந்து, தட்டையாக விரித்து, மெதிலீன் நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தால் இடியப்ப அச்சின் ஓட்டைகள் போல நுண்குழிகள் வரிசையாகத் தெரியும். நடுவே சில குழிகள் மட்டும் பெருத்து, வாய் நீண்டு, கூடுதல் நீலத்தோடு கூட்டமாக நிற்கும். அந்தக் கூட்டங்களை எண்ணித்தான் "இந்த மூலிகைச் சாறு கொடுத்த எலிகளில் குறைந்தது" என்று எழுதுவார்கள். அது நேர்மையான கணக்குதான். ஆனால் அந்தக் கூட்டங்களில் பெரும்பாலானவை எப்படியும் புற்றுநோயாகப் போவதில்லை. ஆகவே அடுத்த முறை வாட்ஸ்அப்பில் "ஹெம்பெடு பூமி புற்றுநோயைக் குணப்படுத்தும், ஆராய்ச்சியில் நிரூபணம்" என்று வந்தால், எலியின் எந்த நிலையில், எதை எண்ணினார்கள் என்று கேளுங்கள். அந்த மூலிகை நம் நிலவேம்புதான், அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

எலிக்கு வந்தால் நமக்கும் வருமா? சில சமயம் வரும், சில சமயம் இல்லை. சாக்கரின் ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வரவழைத்தது, ஆனால் அது எலியின் சிறுநீருக்கே உரிய முறையில் படிகங்கள் உண்டாகி உள்தோலை உறுத்தியதால் வந்தது என்று தெரிந்தபின், 2000இல் அமெரிக்கப் புற்றுநோய்ப் பொருள் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பூசணம் பிடித்த நிலக்கடலையில் வரும் அஃப்லாடாக்சின் நேர்மாறு. எலிக்கு மிகச் சிறிய அளவே கல்லீரல் புற்றுநோய்க்குப் போதும், சுண்டெலியின் கல்லீரலோ அதைச் சட்டென்று முறித்துவிடும். மனிதர்கள் இதில் எலியின் பக்கம். அதிலும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் இருப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. கல்லீரல் செல்கள் செத்துச் செத்துப் புதிதாகப் பிறந்துகொண்டே இருப்பதால் நேர்வாள எண்ணெயின் வேலையையும் அந்த வைரஸே செய்துவிடுகிறது. 1988இல் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அஃப்லாடாக்சின் கலந்த மீ (நூடுல்ஸ்) சாப்பிட்டு 13 குழந்தைகள் இறந்தார்கள், வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அது புற்றுநோய் அல்ல. அதே விஷம் ஒரேயடியாக அதிக அளவில் போனால் செல்கள் கூட்டமாகச் செத்துக் கல்லீரலே செயலிழக்கிறது. புற்றுநோய்க்குப் பழுதோடு பிழைத்த செல் வேண்டும்.

கடைசியாக ஒன்று, நம்மவர்கள் என்பதால். கொட்டைப் பாக்கு விஷயத்தில் எலியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை ஏற்கெனவே சொல்லிவிட்டது, மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் அதிகம் இருப்பதும் இந்தியர்களிடம்தான். பாக்கில் இருக்கும் அரிகோலின் என்ற பொருள் கன்னத்து உள்தோலுக்கு அடியில் நார்த்திசுவைக் குவியவைக்கும், கன்னம் விறைத்து வாய் திறப்பது வரவரக் குறையும். எண்ணெயை நிறுத்தினால் சுண்டெலித் தோலின் மருக்களில் பல சுருங்கிவிடும் என்றேன் அல்லவா, இந்த நார் அப்படி இல்லை. பாக்கை விட்ட பிறகும் பெரும்பாலும் அது அப்படியே நின்றுவிடும்.